தோட்ட வீட்டுத் திட்டமும் அட்டவணை அறிக்கையும்

குறித்த நாளில் தொடங்கி, ஒதுக்கிய பணத்துக்குள், எதிர்பார்த்த விளைவைத் தந்து முடிய வேண்டிய பணித்தொகுதியை இலங்கையின் அரச அலுவலகங்கள் கருத்திட்டம் என்று அழைக்கின்றன. பாடசாலைக் கட்டடம், பாலம், குடிநீர் விநியோகம், வீட்டுத் திட்டம் எல்லாம் இதில் அடங்கும். அத்தகைய பணித்தொகுதியைச் சிறு வேலைகளாகப் பிரித்து, எதற்குப் பின் எது வர வேண்டும், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் பிடிக்கும், யார் செய்வார், எவ்வளவு செலவாகும் என்பவற்றைப் பதிந்து கணக்கிடுவதற்காக எழுதப்பட்டதே கருத்திட்ட முகாமைத்துவ மென்பொருள். அதில் சேர்ந்துள்ள தரவுகளில் வேண்டியவற்றை மட்டும் தேர்ந்து, கிடையாகச் செல்லும் நிரைகளிலும் மேலிருந்து கீழிறங்கும் நிரல்களிலும் அடுக்கித் தரும் வெளியீடு அட்டவணை அறிக்கை எனப்படும்.

பார்வைக்கு இது எழுத்தர் வேலையாகத் தோன்றினாலும், ஒவ்வோர் அட்டவணைக்குப் பின்னாலும் ஐந்து முடிவுகள் இருக்கின்றன: ஒரு நிரை எதைக் குறிக்கிறது, எந்த நிரல்கள் இடம்பெறும், எவை வடிகட்டி நீக்கப்படும், எந்த அடிப்படையில் தொகுக்கப்படும், கீழே எந்தக் கூட்டுத்தொகை வரும். இந்த ஐந்தும் சேர்ந்தே யார் அறிக்கையில் தெரிவார், யார் தெரியமாட்டார் என்பதைத் தீர்மானிக்கின்றன. சப்பிரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலுள்ள தேயிலை, இறப்பர் தோட்டங்களில் லயங்களின் காம்பராக்களில், அதாவது வரிசைக் குடியிருப்புகளின் அறைகளில், வாழும் குடும்பங்களுக்குத் தனி வீடு கட்டித் தரும் பணியை எடுத்துக்கொண்டு இந்த முடிவுகளை ஒவ்வொன்றாக ஆராய்வது, மென்பொருளின் நுட்பத்தையும் அதன் மனிதப் பொருளையும் ஒருங்கே விளக்கும்.

தோட்டத்தின் பழைய அட்டவணைகள்

தோட்ட மக்களுக்கு அட்டவணை புதிதல்ல. வேலைக்கு முன் ஆட்கள் கூடும் காலைப் பிரட்டில் பேர் கொடுத்தவர் யார், முழுப் பேரா அரைப் பேரா என்பவற்றைப் பதியும் செக்ரோல், ஆளுக்கு ஒரு நிரையும் நாளுக்கு ஒரு நிரலுமாக அமைந்து, மாத இறுதியில் கூட்டப்பட்டுச் சம்பளமாக மாறும் முழுமையான அட்டவணையே. அதற்கும் முந்திய காலத்தில், தொழிலாளி ஒருவர் தோட்டத்துக்குப் பட்ட கடனைக் குறித்து, அது தீர்க்கப்பட்டால் அவரை விடுவிக்கலாம் என்று எழுதிக் கொடுக்கும் துண்டு முறை நடைமுறையில் இருந்து, 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இவ்விரண்டிலும் தொழிலாளியின் பெயர் இருந்தது. ஆனால் இரண்டுமே அலுவலகத்தின் கேள்விக்கு விடை சொல்வதற்காக எழுதப்பட்டவை. எத்தனை பேர் வேலைக்கு வந்தனர், யார் எவ்வளவு கடன்பட்டிருக்கின்றனர் என்று அலுவலகம் கேட்டது. தொழிலாளி கேட்கக்கூடிய கேள்விகளுக்கு அவற்றில் நிரல் இருக்கவில்லை.

உலகின் வேறு மூலைகளில் இதே காலப்பகுதியில் பணிகளைத் திட்டமிடும் கலை தனித் துறையாக வளர்ந்தது. 1910களில் அமெரிக்கப் பொறியியலாளர் ஹென்றி காண்ட், வேலைகளின் கால அளவைக் கிடைக்கோடுகளாகக் காட்டும் வரைபடத்தைப் பரப்பினார். 1950களின் பிற்பகுதியில் டூபொண்ட் நிறுவனமும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனமும் இணைந்து அவதிப்பாதை முறையை உருவாக்கின. ஒரு கருத்திட்டத்தின் வேலைச் சங்கிலிகளுள் எது மிக நீளமானதோ, எதில் ஒரு நாள் பிந்தினாலும் முழுத் திட்டமும் ஒரு நாள் பிந்துமோ, அதுவே அவதிப்பாதை. அமெரிக்கக் கடற்படை 1958இல் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக இதனையொத்த பேர்ட் முறையை உருவாக்கியது. அக்காலக் கணினிகள் படம் வரைவதில் வல்லவையல்ல. ஆகவே ஒவ்வொரு வேலையும் மிக முந்தித் தொடங்கக்கூடிய நாள், மிகப் பிந்தித் தொடங்கக்கூடிய நாள், இடையிலுள்ள தளர்வு என்ற நிரல்களைக் கொண்ட அச்சிட்ட அட்டவணைகளையே அவை வெளியிட்டன. 1970இல் எட்கர் கொட், தரவுகளைத் தொடர்புடைய அட்டவணைகளாகச் சேமிக்கும் கோட்பாட்டை வெளியிட்ட பின், ஒருமுறை பதிந்த தகவலிலிருந்து பல்வேறு அட்டவணைகளை உருவாக்கும் வழிக்கு உறுதியான அடித்தளம் கிடைத்தது. மைக்ரோசொப்ட் புரொஜெக்ட் 1984இல் டொஸ் இயங்குதளத்திலும் 1990இல் விண்டோஸிலும் வெளிவந்து, இவ்வசதியைச் சாதாரண அலுவலக மேசைக்குக் கொண்டுவந்தது.

திட்டம் நடக்கும் நிலம்

2012இல் கைச்சாத்தான உடன்படிக்கையின் கீழ் இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில் 46,000 வீடுகள் வடக்குக்கும் கிழக்குக்கும், எஞ்சிய 4,000 மத்திய, ஊவா மாகாணங்களின் தோட்டப் பகுதிகளுக்கும் ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் நடந்த கூட்டத்தில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்த பின்னரே, சப்பிரகமுவ உட்பட ஏனைய மாகாணங்களின் தோட்டங்களும் இத்திட்டத்தின் எல்லைக்குள் வந்தன. மாகாணவாரியாகத் தொகுத்த அட்டவணையில் சப்பிரகமுவ என்ற நிரை இல்லாதவரை, எட்டியாந்தோட்டையிலோ இரக்குவானையிலோ உள்ள லயத்தின் தேவை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதை எழுதுவதற்கு இடம் இருக்கவில்லை.

நிலத்தின் தன்மையும் கணக்கில் சேர வேண்டியது. 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் ஏற்பட்ட மண்சரிவில் தோட்டக் குடும்பங்கள் உயிரிழந்தன. அடுத்த ஆண்டு மே மாத இறுதியில் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் தாக்கப்பட்டது. ஆகவே இங்கு வீட்டுத் திட்டத்தின் முதல் வேலை அத்திவாரம் வெட்டுவதல்ல. அரசுக்குச் சொந்தமாகவும் கம்பனிகளின் குத்தகையிலும் இருக்கும் தோட்டக் காணியிலிருந்து குடும்பத்துக்கு உரிய நிலம் விடுவிக்கப்பட வேண்டும். அந்த நிலம் சரிவு அபாயமற்றது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைக்க வேண்டும். இவ்விரண்டும் மென்பொருளில் முன்னோடி வேலைகளாக, அதாவது அவை முடிந்தாலன்றி அடுத்தது தொடங்க முடியாதவையாகப் பதியப்பட வேண்டும். பதியப்படாவிட்டால், கட்டவே கூடாத சரிவில் அத்திவாரம் தொடங்குவதற்கான நாளை மென்பொருள் குறித்துக் கொடுக்கும்.

ஒரு நிரை எதைக் குறிக்கிறது

அட்டவணை அமைப்பவர் எடுக்கும் முதல் முடிவு நிரையின் அலகு. வீட்டுத் திட்டத்தில் நிரை ஒரு வேலையைக் குறிக்கலாம், ஒரு காணித்துண்டைக் குறிக்கலாம், ஒரு காம்பராவைக் குறிக்கலாம், ஒரு குடும்பத்தைக் குறிக்கலாம். காம்பராவை அலகாகக் கொண்டால், பெற்றோருடன் அதே காம்பராவில் வாழும் மணமான மகனின் குடும்பம் கணக்கில் வராது. தோட்டத்தில் பேர் பதிந்த தொழிலாளியை அலகாகக் கொண்டால், கொழும்பில் கடையில் வேலைசெய்து மாதம் ஒருமுறை வீடு திரும்புபவரின் குடும்பம் வராது. எனவே குடும்பமே நிரையாக இருப்பது தகும். காம்பரா, காணி, தொழில் என்பன அக்குடும்பத்தைப் பற்றிய நிரல்களாக அமையலாம்.

குடும்பம் நிரையானால், ஒரு குடும்பத்தை மற்றொன்றிலிருந்து ஐயமின்றிப் பிரித்தறியும் அடையாளம் வேண்டும். பெயர் அதற்குப் போதாது. ஒரே லயத்தில் ஒரே பெயருடையோர் பலர் இருப்பது வழக்கம். ஒரே ஆளின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், தோட்டப் பதிவேட்டில் ஆங்கிலத்தில் வேறு விதமாகவும், பிரதேச செயலகத்தில் சிங்களத்தில் இன்னொரு விதமாகவும் எழுதப்பட்டிருப்பதும் உண்டு. தேசிய அடையாள அட்டை இலக்கம் இதைவிட உறுதியானது. ஆனால் அதிலும் கவனம் வேண்டும். பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் இறுதியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்க, 2016 முதல் வழங்கப்படும் அட்டையில் 12 இலக்கங்கள் உள்ளன. ஒருவரைப் பழைய இலக்கத்தால் ஒருமுறையும் புதிய இலக்கத்தால் மறுமுறையும் பதிந்தால், மென்பொருள் அவரை இரண்டு ஆட்களாக எண்ணி, பயனாளிகளின் தொகையைக் கூட்டிக் காட்டும். ஆகவே திட்டமே ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்தமாக ஓர் எண்ணை வழங்கி, அடையாள அட்டை இலக்கத்தைச் சரிபார்க்கும் நிரலாக மட்டும் வைப்பது பாதுகாப்பானது.

உரிமையாளர் என்ற நிரலும் இதே அளவு முக்கியமானது. அதில் ஒரு பெயருக்கு மட்டும் இடம் வைத்தால், கொழுந்து பறித்தும் இறப்பர் பால் வெட்டியும் குடும்பத்தைத் தாங்கும் பெண்ணின் பெயர் எழுதப்படாமலே போகலாம், அந்தப் பட்டியலைப் பார்த்துத் தயாரிக்கப்படும் உறுதிப் பத்திரத்திலும் அது இல்லாமற்போகலாம். இரண்டு பெயர்களுக்கு இரண்டு நிரல்களைத் தொடக்கத்திலேயே அமைப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். உறுதி எழுதிய பின் திருத்துவதற்கு ஆண்டுகள் ஆகலாம்.

திட்டமும் நடப்பும்: நிரல்களின் கணக்கு

முன்னேற்ற அறிக்கை ஒன்றின் உயிர் மூன்று நிரல்களில் இருக்கிறது: திட்டமிட்ட நாள், உண்மையில் முடிந்த நாள், இரண்டுக்கும் இடைப்பட்ட விலகல். தொடக்கத்தில் ஏற்றுக்கொண்ட கால அட்டவணையை மென்பொருளில் அடிக்கோடு என்று உறையவைத்துச் சேமித்தாலன்றி, ஒவ்வொரு முறை தாமதம் நேரும்போதும் திட்டமிட்ட நாளே மாற்றி எழுதப்பட்டு, விலகல் எப்போதும் சுழியமாகவே தெரியும். அதேபோல், எந்த நாள்வரையான நிலைமை இது என்பதைச் சொல்லும் நிலவர நாள் அட்டவணையின் தலைப்பில் இல்லாவிட்டால், மூன்று மாதம் பழைய தரவும் இன்றைய உண்மைபோல் வாசிக்கப்படும்.

விளக்கத்துக்காக, எட்டியாந்தோட்டைப் பகுதியில் 24 வீடுகள் கொண்ட கற்பனைத் திட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதில் ஒரு வீட்டின் அத்திவாரம் மார்ச் 20இல் முடிந்து, சுவருக்கு 30 நாளும் கூரைக்கு 20 நாளும் சென்று, மே 9இல் கூரை போட்டாக வேண்டும் என்பது அடிக்கோடு. சீமெந்து லொறி வரும் தோட்டப் பாதை பழுதானதால் அத்திவாரம் ஏப்ரல் 11இல்தான் முடிகிறது. விலகல் 22 நாள். அதன் தொடர்ச்சியாகக் கூரை முடியும் நாள் மே 31 ஆகிறது. வேறு ஒரு நிலத்தில் இது சாதாரணத் தாமதம். ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று மே மாதப் பிற்பகுதியில் வந்திறங்கும், எட்டியாந்தோட்டை அமைந்த களனி கங்கைப் பள்ளத்தாக்கிலோ, ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் இரத்தினபுரியிலோ, கூரையற்ற சுவர் மழையில் நிற்கும் என்பது அதன் பொருள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு நிலை, 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்று மண்சரிவு முன்னறிவிப்பு அளவுகள் நடைமுறையில் உள்ளன. மழை இந்த அளவுகளைத் தொட்ட நாட்களைக் காட்டும் நிரல் ஒன்றை அட்டவணையில் சேர்த்தால், வேலை நின்ற நாளுக்குக் காரணமும் அதே நிரையில் நிற்கும்.

இந்தக் கணக்கு சரியாக வர, மென்பொருளின் நாட்காட்டியும் ஊரின் நாட்காட்டியாக இருக்க வேண்டும். மேசன் பாஸ்மார் ஊருக்குப் போகும் சித்திரைப் புத்தாண்டு வாரம், போயா விடுமுறைகள், தோட்டக் கோயில் திருவிழா ஆகியவற்றை வேலையற்ற நாட்களாகப் பதியாத திட்டத்தில், மேற்சொன்ன மே 31 என்ற நாளே நம்பத்தகாதது. உண்மையான நாள் ஜூன் மாதத்துக்குள் செல்லும்.

சராசரி மறைப்பது

அட்டவணையின் அடியில் வரும் ஒற்றை எண்ணையே மேலதிகாரிகள் முதலில் பார்க்கின்றனர். ஆகவே அது எப்படிப் பிறக்கிறது என்பதை அறிவது அவசியம். அதே 24 வீடுகளில், அத்திவாரத்துக்கு 20, சுவருக்கு 30, கூரைக்கு 20, கதவு சன்னல் பூச்சுக்கு 20, கழிவறைக்கும் தண்ணீருக்கும் 10 என்று புள்ளிகள் பகிரப்படுவதாகக் கொள்ளலாம். 24 வீடுகளும் சுவர் மட்டம்வரை எழுந்திருந்தால், ஒவ்வொன்றும் 50 புள்ளி பெற்று, திட்டத்தின் முன்னேற்றம் 50 வீதம். இப்போது 9 வீடுகள் முழுமையாக முடிந்து, 15 வீடுகள் அத்திவாரத்தோடு நிற்கின்றன என்று கொண்டால், 9 வீடுகளுக்கு 900 புள்ளியும் 15 வீடுகளுக்கு 300 புள்ளியும் சேர்ந்து 1,200 ஆகிறது. 24ஆல் வகுத்தால் மீண்டும் அதே 50 வீதம்.

ஒரே எண், முற்றிலும் வேறான இரண்டு உண்மைகள். முதலாவதில் ஒரு குடும்பம்கூடக் குடியேற முடியாது, பருவமழைக்கு முன் 24 கூரைகள் அவசரமாக வேண்டும். இரண்டாவதில் 9 குடும்பங்கள் குடியேறிவிட்டன, 15 குடும்பங்கள் ஏன் பின்தங்கின என்று ஆராய வேண்டும். அவை ஒரே மேட்டில் இருக்கின்றனவா, ஒரே ஒப்பந்தக்காரரின் கையில் இருக்கின்றனவா, கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மறு ஆய்வுக்குக் காத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சராசரியோடு சேர்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை வீடுகள் நிற்கின்றன என்ற பரம்பல் நிரல்களையும் காட்டும் அறிக்கையே இந்த வேறுபாட்டைச் சொல்லும்.

தொகுத்தலிலும் இதே ஆபத்து உண்டு. நுவரெலியா மாவட்டத்தில் தோட்ட மக்களான மலையகத் தமிழர் மக்கள் தொகையில் பெரும்பகுதியினர். இரத்தினபுரியிலும் கேகாலையிலும் அவர்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிய சிறிய தோட்டப் பிரிவுகளில் வாழும் சிறுபான்மையினர். தோட்டத்துறை முழுவதையும் ஒரே கூட்டுத்தொகையாக்கினால் நுவரெலியாவின் எண்கள் சப்பிரகமுவவின் எண்களை விழுங்கும். மாவட்டம் முழுவதையும் தொகுத்தால் கிராமங்களின் எண்கள் தோட்டத்தின் எண்களை விழுங்கும். மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, தோட்டம், அதன் உட்பிரிவான டிவிஷன் என்று படிப்படியாக விரியும் தொகுப்பாக அறிக்கை அமைந்தால்தான், கேகாலை மாவட்டத்துத் தெரணியகலையின் ஒதுக்குப்புற டிவிஷன் ஒன்றில் ஓராண்டாக எதுவும் நகரவில்லை என்பது தெரியவரும்.

ஒரே தரவு, பல வாசகர்

இத்தனை நிரல்களையும் ஒரே தாளில் அடைத்தால் யாருக்கும் பயனில்லை. தரவு ஒரே இடத்தில் ஒருமுறை பதியப்பட்டு, வாசகருக்கு ஏற்ற அட்டவணைகள் அதிலிருந்து பிறக்க வேண்டும் என்பதே நல்ல மென்பொருளின் அடிப்படைக் கொள்கை. கட்டற்ற மென்பொருளான டாஸ்க்ஜக்ளர் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அதில் வேலைகளும் ஆட்களும் எழுத்துக் கோப்பொன்றில் விவரிக்கப்பட்ட பின், ஒவ்வோர் அறிக்கையும் சில வரிகளில் வரையறுக்கப்படுகிறது: எந்த நிரல்கள், எந்த நிபந்தனைக்குட்பட்ட வேலைகளை மறைப்பது, எதன்படி வரிசைப்படுத்துவது, எந்தக் காலப்பகுதி, எந்த வடிவில் வெளியிடுவது. தரவு மாறியதும் எல்லா அறிக்கைகளும் ஒருங்கே புதுப்பிக்கப்படும். மைக்ரோசொப்ட் புரொஜெக்ட்டிலும் புரொஜெக்ட்லிப்ரேயிலும் திரையில் நிரல்களைத் தேர்ந்தும் வடிகட்டிகளை அமைத்தும் இதே பயனை அடையலாம். இதற்கு மாறாக, ஒவ்வொரு வாசகருக்கும் தனித்தனியாக விரிதாளில் தட்டெழுதிய அட்டவணைகள் சில வாரங்களிலேயே ஒன்றுக்கொன்று முரண்படத் தொடங்கும்.

நிதி வழங்குவோருக்குத் தவணைக் கொடுப்பனவும் முடிந்த கட்டமும் கொண்ட அட்டவணை வேண்டும். கள உத்தியோகத்தருக்கு வரும் இரு வாரங்களில் தொடங்க வேண்டிய வேலைகளை மட்டும் வடிகட்டிய அட்டவணை வேண்டும். பிரதேச செயலகத்துக்குக் காணி விடுவிப்பும் சான்றிதழ்களும் நிற்கும் இடம் வேண்டும். நான்காவது வாசகர் பயனாளிக் குடும்பம். அதற்குத் தன் வீடு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அடுத்த தவணை எப்போது, எவருடைய கையெழுத்துக்காகக் கோப்பு காத்திருக்கிறது என்ற மூன்று நிரல்கள் போதும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம், குறித்த பெறுமதியைத் தாண்டும் கருத்திட்டங்களைப் பற்றித் தொடங்குவதற்கு முன்பே பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று விதிக்கிறது. வெளிநாட்டு நிதியெனில் அந்த வரம்பு ஓர் இலட்சம் அமெரிக்க டொலர், உள்நாட்டு நிதியெனில் ஐந்து இலட்சம் ரூபா. குடும்பத்துக்கான அட்டவணை இந்த உரிமையைத் தோட்டத்தின் அறிவிப்புப் பலகைவரை கொண்டுசேர்க்கும். அதே வேளையில் அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கும் பலகையில் ஒட்டத் தகாதவை. அந்த நிரல்களை மறைத்து, குடும்ப எண்ணை மட்டும் காட்டும் வடிவையே அச்சிட வேண்டும்.

அந்த அட்டவணை தமிழில் இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். அது உண்மையான தமிழ் எழுத்தாக இருக்க வேண்டும் என்பது நுட்பம் சார்ந்த நிபந்தனை. இலங்கை அலுவலகங்களில் நீண்டகாலம் புழங்கிய பாமினி போன்ற எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்கான குறியீடுகளுக்குத் தமிழ் வடிவம் பூசியவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு அவை ஆங்கில எழுத்துக் கோவைகளே என்பதால், அகரவரிசையும் தேடலும் வடிகட்டலும் பிழைக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பெயர்கள் பொருளற்ற எழுத்துகளாகச் சிதறும். ஒருங்குறியில் பதிந்த பெயரே எந்த மென்பொருளிலும் வரிசைப்படுத்தவும் தேடவும் தக்க பெயராக நிலைக்கும்.

செக்ரோலில் தொழிலாளியின் நாளை அலுவலகம் கணக்கிட்டது. வீட்டுத் திட்டத்தின் அட்டவணையில் அலுவலகத்தின் நாட்களைக் குடும்பம் கணக்கிட முடியும். நிரையின் அலகாகக் குடும்பத்தை வைப்பதற்கும், இரண்டு உரிமையாளர் நிரல்களை அமைப்பதற்கும், டிவிஷன் மட்டத்தில் தொகுப்பதற்கும், கோப்பு யாரிடம் நிற்கிறது என்ற ஒரு நிரலைச் சேர்ப்பதற்கும் புதிய மென்பொருளோ பெருஞ்செலவோ தேவையில்லை. ஏற்கெனவே இருக்கும் கருவியில் சில அமைப்புகளை மாற்றினால் போதும். அந்த மாற்றத்தைச் செய்யும் கடமை அட்டவணை தயாரிக்கும் உத்தியோகத்தருடையது. அதைக் கேட்டுப் பெறும் உரிமை அதில் பெயர் எழுதப்பட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் உண்டு.